கல்முனைக் கரையின் காய்ச்சலும் நுளம்பின் பரம்பரையும்

மருதமுனையிலிருந்து தெற்கே பொத்துவில்வரை நீளும் கிழக்குக் கரையின் வழியே செல்பவர் அந்நிலத்தின் அமைப்பிலே ஓர் ஒழுங்கைக் காண்பர். கிழக்கே கடல், அதையடுத்து மணற்றரை, அம்மணற்றரையிலே நெருங்கியெழுந்த கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்கள், அவற்றை அடுத்தும் இடையிட்டும் பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் ஆகிய தமிழூர்கள், ஊர்களுக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல். குடியிருப்பு மணலில், பிழைப்புச் சேற்றில். இதுவே அம்மக்களின் வாழ்வு. விதைப்புக் காலத்திலும் வேளாண்மை வெட்டும் காலத்திலும் உழவன் ஊரைவிட்டு வயலுக்குச் சென்று, வாடி கட்டி, அங்கேயே பல இரவுகளைக் கழித்தான். அவ்விரவுகளின் கூலியாக அவனுக்குக் கிடைத்தது நெல் மட்டுமன்று; குளிர்காய்ச்சலும் கிடைத்தது. நெல்லிற் பெரும்பங்கு போடியாரின் களஞ்சியத்திற் சேர்ந்தது. காய்ச்சல் முழுவதும் அவனுக்கே உரித்தாயிற்று.

மலேரியா என்று இன்று நாம் அழைக்கும் அக்காய்ச்சலை நம் முன்னோர் விதியென்று ஏற்றனர். ஓதிப் பார்த்தனர், பரிசாரியின் கசாயத்தைக் குடித்தனர், கிடைத்தபோது அரசாங்க ஆசுபத்திரியின் கொயினாவையும் விழுங்கினர். ஆட்சி செலுத்திய அந்நியரோ அதனை வெப்ப நாட்டின் இயல்பென்று கூறி அமைந்தனர். விதி என்பதும் இயல்பு என்பதும் ஒரே பொருளைத் தருவன: மனிதன் இதிற் செய்வதற்கொன்றுமில்லை என்பதே அப்பொருள். அது எவ்வளவு தூரம் உண்மை? காய்ச்சலின் எப்பகுதி இயற்கையாற் கட்டுண்டது, எப்பகுதி மனிதரால் ஆக்கப்பட்டது? இவ்வினாவிற்கு விடை காண நாம் இரண்டு வரலாறுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று இந்நாட்டு மக்களின் வரலாறு. மற்றது, நுளம்பின் குடலுக்குள்ளே ஓர் ஒட்டுண்ணி வளர்வதா மடிவதா என்பதைத் தீர்மானிக்கும் பரம்பரையின் வரலாறு.

முதலாவதிலிருந்து தொடங்குவோம். குடியேற்ற ஆட்சிக் காலத்து வைத்தியர்கள் ஒரு பிரதேசத்தில் மலேரியா எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை அளக்க, பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றை விரல்களால் அழுத்தி, வீங்கிய மண்ணீரலைத் தொட்டுக் கணக்கிட்டனர். இலங்கையின் உலர்வலயத்தில் அக்கணக்கு எப்போதும் உயர்ந்தே நின்றது. அங்கே காய்ச்சல் ஒரு விபத்தன்று. மாரி மழையைப்போல ஆண்டுதோறும் வருவது. குழந்தைகளிற் பலர் இறந்தனர். எஞ்சியோர் மீண்டும் மீண்டும் காய்ச்சலுற்று, அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும் உடலைப் பெற்றனர். அந்த எதிர்ப்புச் சக்தி இலவசமாய் வந்ததன்று. புதைகுழிகளை விலையாகக் கொடுத்து ஒரு சமுதாயம் பெற்ற சக்தி அது.

1934ஆம் ஆண்டில் இந்த உண்மை தலைகீழாக வெளிப்பட்டது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் கரைபுரண்டோடும் ஈரவலயத்து ஆறுகள் வற்றி, மணலிடையே தெளிந்த நீர்க்குட்டைகளாயின. வெயில்பட்ட அக்குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு அளவின்றிப் பெருகிற்று. ஒக்டோபரில் தொடங்கிய கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சூறையாடியது. அடுத்த ஏழு மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இடையறாத காய்ச்சலால் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த உலர்வலயத்தைவிட, அதை அறியாதிருந்த பிரதேசங்களிலேயே சாவு மிகுந்தது. பசியால் மெலிந்திருந்த ஏழைக் குடியானவரும் அவர்தம் குழந்தைகளுமே முன்னர் மடிந்தனர். மழை பொய்த்தது இயற்கையின் செயல். அரிசியும் மருந்தும் எட்டாத குடிசைகள் நாடெங்கும் இருந்தது இயற்கையின் செயலன்று.

அந்நாளில் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றவர்களுள், சூரியமல் இயக்கத்தின் இளைஞர் முன்நின்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் குடிசை குடிசையாகச் சென்று கண்டது நோயை மட்டுமன்று. நோய்க்கு இரையாகும்படி மக்களை வைத்திருந்த ஆட்சியையுமாகும். 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது, அதன் தலைவர்கள் பலருக்கு மக்களிடையே இருந்த அறிமுகம் அக்காய்ச்சல் நாள்களிலே சம்பாதித்ததாகும்.

இத்தனை பேர் மாண்டது, காய்ச்சல் எவ்வாறு பரவுகிறதென்பதை உலகம் அறியாதிருந்த காலத்திலன்று என்பதை நாம் மறத்தலாகாது. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1897 ஓகஸ்ட் 20ஆந் தேதி, செகந்திராபாத்தில் படைவைத்தியராயிருந்த றொனால்ட் றொஸ், அனோபிலிஸ் நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலே மலேரியா ஒட்டுண்ணியின் உருண்டைகளைக் கண்டார். அந்நுளம்பு உசைன் கான் என்ற நோயாளியின் குருதியைக் குடித்தது. தன்னைக் கடிக்கவிட்ட நுளம்பொன்றுக்கு ஓர் அணா வீதம் அம்மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. றொஸ் 1902இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பரிசுக்குத் தகுதியானவரே. எனினும் அந்த அறிவு பிறந்தது பெயரற்ற பல ஏழைகளின் குருதியிலிருந்து என்பதையும், அது அவர்களுடைய குடிசைகளை வந்தடைய அரை நூற்றாண்டு கழிந்தது என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

றொஸ் கண்ட உருண்டைக்குள் நடப்பது என்ன? மனித உடலில் இருக்கும்வரை மலேரியா ஒட்டுண்ணி பால் வேறுபாடின்றிப் பிரிந்து பிரிந்தே பெருகுகிறது. ஈரலில் முதலில் வளர்ந்து, பின்னர்ச் செங்குழியங்களுள் புகுந்து, அவற்றை வெடித்து வெளியேறுகிறது. அவ்வெடிப்பே நடுக்கமும் காய்ச்சலுமாக நம்மை வாட்டுகிறது. அப்போது அதனிடம் பதினான்கு நிறமூர்த்தங்கள், ஒவ்வொன்றும் ஒற்றையாகவே உள்ளன. சில ஒட்டுண்ணிகள் மட்டும் ஆணாகவும் பெண்ணாகவும் மாறி, குருதியில் மிதந்து, நுளம்பின் வாய்க்காகக் காத்திருக்கும். நுளம்பு அவற்றை உறிஞ்சியதும், அதன் குடலின் குறைந்த வெப்பமும் அங்குள்ள ஓர் இரசாயனப் பொருளும் அவற்றைத் தூண்டுகின்றன. கால்மணி நேரத்துக்குள் ஓர் ஆண் கலம் எட்டுப் புணரிகளாய்ப் பிரிந்து, சாட்டைபோற் சுழன்று, பெண் புணரிகளைத் தேடுகின்றது. ஆணும் பெண்ணும் இணைந்து நுகமாகின்றன. அவ்வாறாயின், மலேரியா ஒட்டுண்ணியின் மணமனை மனித உடலன்று, நுளம்பின் குடலேயாகும்.

நுகத்தில் நிறமூர்த்தங்கள் இரட்டையாகின்றன. ஆனால் அந்நிலை சில மணிநேரமே நீடிக்கும். உடனே ஒடுக்கற்பிரிவு நிகழ்ந்து, தாய் தந்தை இருவரின் பரம்பரை அலகுகளும் சீட்டுக்கட்டுப்போற் கலைத்து மீண்டும் பங்கிடப்படுகின்றன. நுகம் புழுவைப்போல் நீண்டு, ஒரு நாளளவில் குடற்சுவரைத் துளைத்து அப்பாற் செல்கிறது. அங்கே உருண்டையாகத் தங்கி, பத்து நாள்களுக்கு மேல் வளர்ந்து, ஆயிரக்கணக்கான நுண்ணிய ஊசி வடிவக் கலங்களாக வெடிக்கிறது. அவை உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பின்னரே அந்நுளம்பின் கடி ஆபத்தாகின்றது. நுளம்பு உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் பலவாயினும், குடற்சுவரைக் கடந்து உருண்டையாக நிலைப்பவை பெரும்பாலும் சிலவே. ஒட்டுண்ணியின் வாழ்க்கைப் பாதையிலே மிகக் குறுகிய வாயில் இதுவே எனலாம்.

இக்கலப்பு வெறும் உயிரியல் விந்தையன்று; நம் மருந்துப் பெட்டியோடு நேரே தொடர்புடையது. 1987இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வோலிக்கரும் அவர்தம் துணைவரும், பல்சிபாரம் ஒட்டுண்ணியின் இரு வேறு வமிசங்களைக் கலந்து நுளம்புகளுக்கு ஊட்டி, அவற்றின் கலப்புச் சந்ததியைப் பெற்றனர். இவ்வழியைப் பின்பற்றிச் செய்த ஆராய்ச்சிகளே, 2000ஆம் ஆண்டில், குளோரோகுவின் மருந்தை எதிர்த்து நிற்கும் வலிமையை ஒட்டுண்ணிக்கு அளிக்கும் பரம்பரை அலகு ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ளதெனக் காட்டின. இலங்கையில் குளோரோகுவினுக்கு அடங்காத பல்சிபாரம் 1984ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது. ஒரு மருந்தை எதிர்க்கும் ஒட்டுண்ணியும் மற்றொரு மருந்தை எதிர்க்கும் ஒட்டுண்ணியும் ஒரே நுளம்பின் குடலிற் சந்தித்தால், இரண்டையும் எதிர்க்கும் பிள்ளை பிறக்கக்கூடும். அரைகுறையாக உட்கொண்ட மாத்திரை, தரங்குறைந்த மருந்து, பாதியிலே கைவிட்ட சிகிச்சை ஆகியன நோயாளியோடு முடிந்துபோவதில்லை. அவை தேர்ந்தெடுத்துவிட்ட ஒட்டுண்ணி நுளம்பின் குடலிலே மணம்புரிந்து அடுத்த ஊருக்குப் போகிறது.

இதுவரை ஒட்டுண்ணியின் பரம்பரையைப் பார்த்தோம். நுளம்பின் பரம்பரையோ இதனினும் வியப்பானது. இலங்கையில் மலேரியாவைப் பரப்புவது கியூலிசிபேசிஸ் என்று குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே கண்டிருந்தனர். ஆனால் அப்பெயர் தாங்கிய நுளம்பு இந்தியாவிற் சில இடங்களில் காய்ச்சலைக் கொண்டு திரிந்தது. வேறு சில இடங்களில் அது வீடுதோறும் நிறைந்திருந்தும் காய்ச்சல் அருகியே இருந்தது. ஒரே நுளம்பு இவ்விரண்டையும் எவ்வாறு செய்யும்? 1980இல், நுளம்பின் சூலகக் கலங்களிலுள்ள பருத்த நிறமூர்த்தங்களின் வரிகளை ஆராய்ந்தோர், கண்ணுக்கு ஒன்றுபோற் தோன்றும் இந்நுளம்பு உண்மையில் தம்முட் கலவாத இரு இனங்கள் எனக் கண்டனர். அவற்றுக்கு ‘ஏ’, ‘பி’ எனப் பெயரிட்டனர். டாக்டர் சரளா சுப்பராவும் அவர்தம் குழுவினரும் இந்தியாவிற் செய்த நெடிய ஆராய்ச்சிகளால் ‘சி’, ‘டி’ என்பனவும் சேர்ந்தன. இவற்றுள் ‘பி’ மலேரியாவைச் சுமப்பதிற் திறமையற்றது எனத் தெளிவாயிற்று. ஒட்டுண்ணி அதன் உடலில் முழுவளர்ச்சி பெறுவது அரிது.

இங்கேதான் நம் கடலின் இருகரைகளும் இக்கதைக்குள் வருகின்றன. தமிழ்நாட்டின் இராமேசுவரந் தீவிலே பிடித்த நுளம்புகள், நிறமூர்த்த வரிகளின்படி ‘பி’ இனத்தவை. ஆயினும் அத்தீவில் மலேரியா ஓயவில்லை. இலங்கையிலும் இதே புதிர். 1996இல் வெளியான ஆய்வின்படி இந்நாட்டுக் கியூலிசிபேசிஸ் ‘பி’ இனமே. திறமையற்ற சுமப்பாளி என்று இந்தியாவிற் பெயர் பெற்ற நுளம்பு, இலங்கையில் இலட்சக்கணக்கானோரைக் காய்ச்சலிற் கிடத்தியது எவ்வாறு?

விடை இராமேசுவரத்திலே முதலிற் கிடைத்தது. ஆராய்ச்சியாளர் காட்டுப் பெண் நுளம்புகளைப் பிடித்து, முட்டையிடச் செய்து, அம்முட்டைகளிலிருந்து பிறந்த ஆண் நுளம்புகளின் நிறமூர்த்தங்களைப் பார்த்தனர். ஆணுக்கேயுரிய வை நிறமூர்த்தம் சில குடும்பங்களில் ஒரு வடிவிலும், ஏனைய குடும்பங்களில் மற்றொரு வடிவிலும் இருந்தது. தாயரின் பருத்த நிறமூர்த்தங்களிலே வேறுபாடொன்றும் காணவில்லை. தாயின் இனத்தை மகனிடத்திலே கண்டறிய வேண்டியிருந்தது. மலேரியாவைச் சுமந்த தாயர் ஈன்ற மகன்கள், ‘பி’ இனத்துக்கு உரியதல்லாத அந்த இரண்டாம் வடிவைக் கொண்டிருந்தனர். இவ்வாறு 1999இல் ‘ஈ’ என்ற ஐந்தாம் இனம் அறியப்பட்டது. அடுத்த ஆண்டே, 2000இல், எஸ். என். சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி, எம். எஸ். இராமசாமி முதலியோர் இலங்கையிலும் ‘பி’, ‘ஈ’ இரண்டும் உண்டு எனவும், மலேரியாவைப் பரப்புவதில் அவை வேறுபடுவன எனவும் எழுதினர். ஒரு நூற்றாண்டு காலம் ஒரே பெயரால் அழைத்த நுளம்பு, ஒன்று பெரும்பாலும் தீங்கற்றதும் மற்றொன்று கொடியதுமான இரட்டையராய் நின்றது.

குடலுக்குள்ளே இவ்வேறுபாட்டை ஆக்குவது என்ன? இதற்கு விரிவான சான்றுகள் ஆபிரிக்க நுளம்பாகிய காம்பியேயின் ஆராய்ச்சியிலே கிடைத்துள்ளன. 1986இல், ஒட்டுண்ணியைக் குடற்சுவரிலேயே கருநிற உறையிட்டுக் கொன்றுவிடும் நுளம்பு வமிசமொன்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். நுளம்பின் குருதியிலுள்ள ரெப்1 என்னும் புரதம் ஒட்டுண்ணியின்மேற் படிந்து அதனை அழிக்கிறதென்பது 2004இல் தெளிவாயிற்று. 2013இல் மறுபக்கம் வெளிப்பட்டது: பல்சிபாரத்தின் ஒரு பரம்பரை அலகு, தான் இருப்பதை நுளம்பின் காவலுக்குக் காட்டாது மறைத்துக்கொள்ள ஒட்டுண்ணிக்கு உதவுகிறது. அந்த அலகின் வடிவங்கள் கண்டத்துக்குக் கண்டம் வேறுபடுகின்றன; ஒரு நாட்டு ஒட்டுண்ணி அந்நாட்டு நுளம்பிலே தழைத்து, மற்றொரு கண்டத்து நுளம்பிலே மடிவதும் உண்டு. பூட்டுக்கேற்ற சாவி வேண்டும். இயற்கை, நெடுங்காலத் தேர்வினால், அந்தந்த நாட்டுப் பூட்டுக்கு அந்தந்தச் சாவியைத் தேய்த்து வைத்திருக்கிறது.

மனிதனும் இப்போராட்டத்தில் வெறும் பார்வையாளனல்லன். 1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் கமினி மென்டிஸும் அவர்தம் துணைவரும் செய்த ஆராய்ச்சி, வைவாக்ஸ் மலேரியாவுற்ற இலங்கை நோயாளரின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், நுளம்பு உறிஞ்சும் குருதியோடு அதன் குடலுக்குட் சென்று, அங்கேயே ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என நிறுவிற்று. மனிதனின் எதிர்ப்பு அவனுடைய தோலோடு முடிவதில்லை. அவனைக் கடித்த நுளம்பின் வயிற்றிலும் அது போர் புரிகிறது. அந்த நோயாளர் தம் நோயைத் தீர்க்க இதனால் பயன்பெறவில்லை. பயன் பெற்றவன் அடுத்துக் கடியுண்ணவிருந்த அயலான். எதிர்ப்புச் சக்தியும் ஊருக்குப் பொதுவான பொருளாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறுண்டோ?

ஆயினும் பரம்பரையே அனைத்தையும் முடிவு செய்கிறது என்று எவரேனும் கூறுவாராயின், அவர் பழைய விதிவாதத்தைப் புதிய சொற்களில் உரைப்பவரேயாவர். பரம்பரை கூறுவது, எந்த நுளம்பால் முடியும் என்பதை. முடிந்தது நடந்ததா என்பதைக் கூறுவது வரலாறு. ‘ஈ’ இனம் நம் நாட்டில் இருந்தது, இருக்கிறது. அதன் குடலும் மாறவில்லை. மாறியன வேறு.

முதலாவதாக மாறியது வீட்டுச் சுவர். 1946ஆம் ஆண்டுமுதல் டி.டி.ரி. நாடெங்கும் வீடுகளுக்குள் தெளிக்கப்பட்டது. குருதி குடித்துச் சுவரிலே தங்கிய நுளம்பு, ஒட்டுண்ணி முதிரும் பத்து நாள்களைக் காணாமலே இறந்தது. ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரி.யின் சாதனையா, யுத்தகாலப் பங்கீட்டு அரிசிக்கும் பெருகிய ஆசுபத்திரிகளுக்கும் அதிற் பங்குண்டா என்பதுபற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. இரண்டுக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து. எவ்வாறாயினும், 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே.

காய்ச்சல் விலகியதும் நிலம் திறந்தது. காய்ச்சலுக்கு அஞ்சி மனிதர் அணுகாதிருந்த உலர்வலயக் காடுகள் குடியேற்றத் திட்டங்களாயின. நம் கரையின் மேற்கே, பட்டிப்பளை ஆறு எனத் தமிழ் பேசுவோர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, பெரும் நீர்த்தேக்கம் எழுந்தது. அதற்கான அபிவிருத்திச் சபை 1949இல் நிறுவப்பட்டது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களுக்கு நீர் வந்தது உண்மை. ஈரவலயத்து நிலமற்ற சிங்களக் குடியானவர் நிலம் பெற்றதும் உண்மை. அந்நிலப் பங்கீட்டிலே தமக்கு நீதி கிட்டவில்லை என்று கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் குமுறியதும் உண்மை. 1956இல் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. காய்ச்சலை வென்ற விஞ்ஞானம் அனைவருக்கும் பொதுவானது. அவ்வெற்றியின் கனியைப் பங்கிட்ட கை பொதுவானதாக இருக்கவில்லை. வறியவனை வறியவனுக்கெதிரே நிறுத்தும் அரசியலுக்கு, நுளம்பு ஒழிந்த நிலமும் களமாயிற்று.

வெற்றி வந்துவிட்டதென்று எண்ணி, 1964இல் தெளிப்பை நிறுத்தினர். சில ஆண்டுகளுக்குள் காடு வெட்டிய சேனைகளிலும், இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளிலும் நீர் தேங்கியது. நோயுற்றோரும் நோயற்றோரும் வேலை தேடி அங்குமிங்கும் அலைந்தனர். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் டி.டி.ரி.யைத் தெளித்தபோது நுளம்பு அதனை எதிர்க்கக் கற்றிருந்தது. இங்கும் பரம்பரை தன் வேலையைச் செய்தது: நஞ்சுக்குத் தப்பிய நுளம்புகளே சந்ததி ஈன்றன. 1977இல் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. 17 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்து, அந்த எண்ணைக் காத்துநின்ற உழைப்பை நிறுத்தியதே இங்கு நேர்ந்த பிழை.

பின்னர் வந்தது போர். 1983 முதல் 2009 வரை வடக்கும் கிழக்கும் எரிந்தன. இடம்பெயர்ந்தோர் மரநிழலிலும் முகாமிலும் உறங்கினர். நம் கரையின் முஸ்லிம் விவசாயிகள் பலர் அச்சத்தால் தம் வயல்களுக்கே செல்லமுடியாதிருந்தனர். சென்றவர்கள் துப்பாக்கிக்கும் நுளம்புக்கும் இடையே வாடியிற் படுத்தனர். 1999இல் பதிவான 264,549 நோயாளருள் மிகப்பலர் போர் நிகழ்ந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர். அப்போதும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர், காவலரண்களைக் கடந்து, இருதரப்பினரின் அனுமதியையும் பெற்று, மருந்து தெளித்தனர். கண்ணாடித் தகட்டிலே இரத்தத்துளி எடுத்துச் சோதித்தனர். மருந்து தோய்த்த நுளம்பு வலைகள் வந்தன. போர் முடிவதற்கு முன்னரே நோய் வீழத் தொடங்கிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் சிதைத்து, எங்கும் நீர்க்குட்டைகளை விட்டுச் சென்றபோது, மலேரியா மீளுமென உலகம் அஞ்சியது. அது மீளவில்லை. நோயைத் தேடிச் சென்று சிகிச்சையளித்த இலவசச் சுகாதார சேவை சிதைவினிடையிலும் நின்றது. 2012 ஒக்டோபரில் உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இவ்வெற்றியில் நாம் பெருமைகொள்ளல் தகும், உறங்குதல் தகாது. ஒட்டுண்ணி இந்நாட்டிலிருந்து நீங்கியது. அதற்கு மணமனையாகக்கூடிய நுளம்பு நீங்கவில்லை. 2010இல், கரையோரத்து உவர்நீரிலும் வளரும் சுண்டைக்கஸ் இனக்குழுவின் நுளம்புகள் இலங்கையில் உண்டெனப் பரம்பரைச் சோதனை காட்டிற்று. உவர்நீர் நுளம்பென்று அலட்சியம் செய்வதற்கில்லை. இந்திய நகரங்களில் கிணற்றிலும் தொட்டியிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு 2016ஆம் ஆண்டின் இறுதியை அடுத்து மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. வயலுக்குச் சென்றால்தான் காய்ச்சல் என்ற பழைய கணக்கு இதனிடம் செல்லாது. முற்றத்துக் கிணறே அதற்குப் போதும். 2018ஆம் ஆண்டின் இறுதியில், நமக்கு அயலான மொனராகலை மாவட்டத்திலே, வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளியொருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. விழிப்பாக இருந்த ஊழியர் அதனை அங்கேயே தடுத்தனர். விழிப்பு இல்லாதிருந்திருப்பின்?

நுளம்பின் பரம்பரையையே மாற்றிவிடலாம் என்று கூறுவோரும் இன்று உளர். 2015இல் ஸ்டீபென்சி நுளம்பிலே, ஒட்டுண்ணியை எதிர்க்கும் அலகுகள் ஏறத்தாழச் சந்ததி முழுவதிலும் பரவும்படி ஆய்வுகூடத்திற் செய்து காட்டினர். இது மனித அறிவின் பெரும் சாதனை. ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து வெளியேறிய நுளம்புக்கு எல்லைக் காவல் இல்லை; ஒரு முறை விட்டதைத் திரும்ப அழைத்தல் அரிது. எந்த நுளம்பை எங்கே விடுவது என்பதை, அந்நுளம்பு கடிக்கப்போகும் மக்களைக் கேளாமல் தீர்மானிக்கும் உரிமை எந்தக் கம்பனிக்கும் எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. உசைன் கானுக்கு ஓர் அணா கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணிய காலம் போகட்டும்.

விஞ்ஞானம் நமக்குக் கற்பித்தது இதுதான்: காய்ச்சலின் வாயில் நுளம்பின் குடலில் உள்ளது, அதன் பூட்டும் சாவியும் பரம்பரையில் உள்ளன. வரலாறு நமக்குக் கற்பித்தது இதுதான்: அவ்வாயிலுக்கு மனிதனை இழுத்துச் செல்வது பசியும், கூரையற்ற இரவும், போரும், கைவிட்ட பொதுச்சேவையும். இவ்விரு பாடங்களையும் பிரித்துக் கற்பிக்கும் கல்வி அரைக்கல்வியே. உயிரியல் ஆசிரியர் நுளம்பின் குடலை வரைந்து காட்டும்போது, வாடியில் உறங்கிய உழவனையும் அதனருகே நிறுத்துவாராக. வரலாற்று ஆசிரியர் கல்லோயாவைப்பற்றிப் பேசும்போது, அந்நிலத்தைத் திறந்துவிட்ட மருந்தைப்பற்றியும் பேசுவாராக. காய்ச்சலோடு வருபவனின் விரலிலிருந்து இரத்தத்துளி எடுக்கும் ஊழியர், கிணற்றிலே குடம்பிகளைத் தேடும் ஊழியர், இவர்களின் பதவிகள் வெற்றிடமாகும்போது, அதனைச் செலவுச் சுருக்கமென்று நாம் ஏற்றுக்கொள்ளலாகாது. 1964இல் நாம் ஒருமுறை ஏற்றோம். 1969இல் அதற்கான விலையைக் கொடுத்தோம்.

இன்று கல்முனைப் பாடசாலையொன்றில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வயிற்றை அழுத்தி மண்ணீரலை அளக்க எவரும் வருவதில்லை. அப்பிள்ளையின் பாட்டனாருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இடையிலே மாறியது நுளம்பின் பரம்பரையன்று; நம் சமுதாயம் தன் மக்களுக்காகச் செய்யத் துணிந்த வேலை. அவ்வேலையைத் தொடர்வதும் கைவிடுவதும் எந்த நிறமூர்த்தத்திலும் எழுதப்படவில்லை. அது நம் கையில் உள்ளது.